நத்தார், பொங்கல் காலத்தில் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்காகக் காசு சேர்க்கிறோம்: எதற்குக் கொடுத்தால் நல்லது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். காரைதீவில் உங்கள் விளையாட்டுக் கழகம் நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் காசு சேர்க்கப் போகிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்க்காரரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் கிடக்கிற பிள்ளைகளுக்குப் பரிசுப் பொதி கொடுப்பதா, ஏதாவது ஒரு மெஷின் வாங்கிக் கொடுப்பதா, குடும்பங்களின் கையில் காசாகவே கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிழக்கு மாகாணத்துச் சிறுவர் விடுதிகளில் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பண்டிகைக்குப் பொதியோடு வந்த எத்தனையோ கழகங்களை வாசலில் நின்று வரவேற்றிருக்கிறேன். என் பதில் இதுதான்: பிள்ளையோடு நிற்கிற தாயின் பயணத்துக்கும், தங்குவதற்கும், சாப்பாட்டுக்கும் கொடுங்கள். அதையும் ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் ஒரு வருடத்துக்குப் பரப்பிக் கொடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கட்டில் காசு இல்லை, டொக்டர் காசு இல்லை. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரிக்கு உதவி என்றதும் பில் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே குடும்பத்தை முறிக்கிறது பில் இல்லை. பஸ் காசு, ஓட்டோக் காசு, கடைச் சாப்பாடு, ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்த நாளில் வெளியே வாங்கச் சொல்லும் துண்டு, வெளியில் செய்யச் சொல்லும் ஒரு ஸ்கேன், இவற்றோடு தகப்பனின் போன நாட்கூலி. இதெல்லாம் சில்லறையாகப் போகும். சில்லறையாகப் போவதால் யாருக்கும் கண்ணில் படாது.

ஒரு தாயை எனக்கு மறக்கவே முடியாது. படுவான்கரைப் பக்கம், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து வந்தவள். ஆறு வயது மகனுக்குச் சிறுநீரக வருத்தம், உடம்பு முழுக்க வீக்கம். பதினொரு நாள் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தாள். கொண்டு வந்தது இரண்டு உடுப்பு. ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு மற்றதை உடுப்பாள். பன்னிரண்டாம் நாள் காலையில் என்னிடம் வந்து, "மிஸ்ஸி, துண்டை வெட்டித் தாங்க, நாங்க போறம்" என்றாள். துண்டு வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. வீக்கம் பாதிகூட வற்றவில்லை. கோபமாகத்தான் ஏன் என்று கேட்டேன். பேசவில்லை. பிறகு மற்றக் கட்டில்காரப் பெண் மெதுவாகச் சொன்னாள்: மூன்று நாளாக அவள் மகனின் தட்டில் மிஞ்சுகிறதைத்தான் சாப்பிடுகிறாள். மகனுக்குப் பசி திரும்பிவிட்டது, இப்போது தட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மகனுக்குப் பசி வந்தது எங்களுக்கு நல்ல செய்தி. சார்ட்டில் அப்படித்தான் எழுதினோம்.

அன்றைக்கு நாங்கள் வாட்டில் காசு போட்டுச் சோற்றுப் பார்சல் வாங்கிக் கொடுத்தோம். துண்டு வெட்டாமல் இன்னும் ஒன்பது நாள் நின்றாள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்காக ஒரு பிள்ளையின் வைத்தியம் நடுவில் நிற்கப் பார்த்தது, தம்பி. அந்த மாதத்தில் எங்கள் விடுதிக்கு இரண்டு கழகங்கள் வந்து பொம்மை கொடுத்துவிட்டுப் போயிருந்தன. அவர்களில் ஒருவர் குனிந்து அந்தப் பாயைப் பார்த்திருந்தால் போதும்.

இப்போது புற்றுநோயை எடுங்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயில் ஆகக் கூடுதலாகக் காண்பது இரத்தப் புற்றுநோய். அதில் அதிகமாக வரும் வகைக்கு வைத்தியம் இரண்டு முதல் மூன்று வருடம் போகும். முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியே வீடு. பிறகு போய்ப் போய் வர வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கிற அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல், பொத்துவில், திருக்கோவில் ஆட்களுக்கும் நீண்ட பயணம்தான். வெள்ளை அணுக்கள் இறங்கிப்போன ஒரு பிள்ளையை, யார் இருமினாலும் தொற்றிக்கொள்ளக்கூடிய உடம்போடு, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போகிறார்கள். இதய வருத்தம் என்றால் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அதுவும் அதே தூரம்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேளுங்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று வைத்தியத்தை இடையில் விட்டுவிடுவது. இலங்கையில் மருந்து இலவசமாக இருந்தும், அந்த மருந்து இருக்கிற இடத்துக்குப் போகிற வழிதான் பலருக்கு அறுந்து போகிறது. முதல் மூன்று மாதம் வீக்கமும் காய்ச்சலும் தெரியும், கடன்பட்டாவது போவார்கள். பிள்ளை எழும்பி ஓடித் திரியத் தொடங்கியதும், "இப்ப சுகம்தானே, அடுத்த மாதம் பார்ப்பம்" என்று வரும். அந்த இடத்தில்தான் உங்கள் காசு நிற்க வேண்டும்.

1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓட்றி எவன்ஸ் என்ற சிறுவர் புற்றுநோய் வைத்தியர், பிள்ளைகளின் பெற்றோர் கதிரையிலும் நடைபாதையிலும் தூங்குவதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவர்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்று கேட்டார். இரத்தப் புற்றுநோய் வந்த மகளை வைத்திருந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரும் அவருடைய அணியும் காசு சேர்த்தார்கள். அந்த ஒரு வீட்டிலிருந்துதான் இன்று பல நாடுகளில் இருக்கும் ரொனால்ட் மக்டொனால்ட் வீடுகள் வந்தன. ஒரு விளையாட்டு அணி தொடங்கியது என்பதற்காகவே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் வீடு கட்டத் தேவையில்லை. மகரகமவில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வார அறை வாடகை கட்டினால் அதே வேலைதான்.

மெஷின் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெரிய உபகரணங்களுக்குப் பெரிய இயக்கங்கள் நாடு முழுக்கச் சேர்த்திருக்கின்றன. 2011இல் தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். 2016இல் மகரகமவுக்கு, உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கப் பொதுமக்களிடம் 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. ஒரு மாதச் சேர்ப்பில் நீங்கள் அதைச் செய்ய முடியாது. சின்ன மெஷின் என்றாலும் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத, திருத்த ஆளில்லாத மெஷின் ஒரு மூலையில் சீலை போர்த்திக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து அனுப்ப வெளிநாட்டில் யாராவது முன்வந்தால், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். வந்து சேரும்போது காலாவதிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. 2022 நெருக்கடியில் எல்லோரும் பதறி அனுப்பினார்கள், நல்ல மனதுதான். கேட்டு அனுப்பிய பெட்டிகள் அடுத்த நாளே வாட்டுக்கு வந்தன, கேட்காமல் அனுப்பியவை களஞ்சியத்தில் நின்றன.

பொதி கொடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், விடுதிப் பொறுப்புத் தாதியிடம் பட்டியல் வாங்கிக் கொண்டு கொடுங்கள். பொதிக்குள் வைக்கிற சாப்பாடு விஷயத்தில் எனக்கு உண்மையில் பயம் உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாத பிள்ளைக்கு வாழைப்பழம், இளநீர், தோடம்பழம் ஆபத்து. அவற்றில் பொட்டாசியம் கூட, அது இரத்தத்தில் ஏறினால் இதயத்தைப் பிடிக்கும். நாம் நல்லது என்று ஆசையாகக் கொண்டு போவதே அதுதான். வீக்கமுள்ள பிள்ளைக்கு முறுக்கும் மிக்சரும் உப்பு. கீமோ என்ற புற்றுநோய் மருந்து ஏற்றும் பிள்ளைக்கு வெட்டி வைத்த பழம், பூங்கொத்து, கழுவ முடியாத பஞ்சுப் பொம்மை எல்லாம் தொற்றுக்கு வழி. சிசுக்களுக்கான பால்மாவைத் தொடவே தொடாதீர்கள், அது வைத்தியர் சொல்லாமல் கொடுக்கிற சாமான் இல்லை. தாய்ப்பாலைக் காப்பதற்கு இந்த நாட்டில் 1980களிலிருந்தே ஒழுங்குவிதி இருக்கிறது.

தாய்மார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சாமான்களைச் சொல்கிறேன்: ஒரு பிளாஸ்க், மடிக்கக்கூடிய பாய், துவாய், சவர்க்காரம், பெண்களுக்கான நாப்கின், பேம்பர்ஸ், போனுக்கு ரீலோட். நாப்கினை எந்தக் கழகமும் கொண்டு வந்ததில்லை. திடீரென்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருத்தி அதை ஆண் தாதியிடமோ கணவனிடமோ கேட்கக் கூசிக்கொண்டு இருப்பாள். உங்கள் கழகத்தில் பெண்பிள்ளைகள் இருந்தால் அந்தப் பையை அவர்கள் கட்டட்டும். பெரிய பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சிலும் கதைப் புத்தகமும் கொடுங்கள். புலமைப்பரிசில் வகுப்பில் இருக்கிற பிள்ளை வாட்டில் கிடந்து கொண்டு பயிற்சிப் புத்தகம் கேட்டு அழுததும் உண்டு.

இனிக் காலத்தைப் பற்றி. நத்தார், பொங்கல் என்று நீங்கள் எடுத்த மாதம் நம் பகுதியில் ஆகக் கையில் காசில்லாத மாதம். வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். கடல் கொந்தளிப்பால் தோணி இறங்காது, கூலி வேலை நிற்கும், பெரும்போக வேளாண்மை வயலில் பச்சையாக நிற்கும். டெங்கும் அந்த நேரம்தான் ஏறும், விடுதி நிரம்பும். ஆகவே மார்கழியில் உண்டியலோடு கூலிக்காரர் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள். மார்கழியில் சம்பளக்காரரிடமும் வெளிநாட்டாரிடமும் கேளுங்கள். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் களத்துக்குப் போய் நெல்லாகக் கேளுங்கள். காசு கேட்டால் யோசிக்கிற விவசாயி களத்தில் நின்று கேட்டால் ஒரு மூட்டையைத் தூக்கித் தருவார். அது அவர் கை பழகிய கொடை. நெல்லை விற்றுக் கணக்கில் போடுங்கள்.

சித்திரைக்கு இன்னொன்று செய்யலாம். மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்புப் போட்டு, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவோம் இல்லையா, அந்த முதல் கைவிசேஷத்தில் ஒரு நோட்டை உண்டியலில் போடச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வருடம் செய்து பார்த்தோம். சேர்ந்த தொகை பெரிதில்லை, ஆனால் அடுத்த வருடம் நாங்கள் கேட்காமலே பிள்ளைகள் உண்டியலைத் தேடி வந்தார்கள்.

நத்தாருக்குக் கரோல் பாடிப் போகிறவர்களோடு பேசுங்கள், மட்டக்களப்பில் அந்த வழக்கம் வீடு வீடாக இன்னும் இருக்கிறது. நோன்பு காலத்தில் கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர்ப் பள்ளிவாசல்களோடு பேசுங்கள். அங்கே கேட்கும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஸக்காத் என்ற கட்டாயக் கொடைப் பணம் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினர் வரையறுக்கப்பட்டிருக்கிறார்கள், அதை எடுத்துப் பெயின்ற் பூசவோ பொம்மை வாங்கவோ முடியாது. வறிய குடும்பத்தின் கைக்குப் போகும் உதவிக்கு மட்டும் தனிப் பதிவில் வைத்திருப்போம் என்று சொன்னால் நம்பிக்கையோடு பேசுவார்கள். ஸதகா என்பது விரும்பிக் கொடுக்கிற தர்மம், அது அப்படி இறுக்கமில்லை. வாட்டில் தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் ஒரே பிளாஸ்க் தண்ணீரில் மா கரைக்கிறார்கள். உங்கள் பட்டியலும் அப்படியே இருக்கட்டும்.

மார்கழி 26ஆம் திகதியை விட்டுவிடுங்கள் என்று காரைதீவு ஆளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது உங்கள் அம்பாறை மாவட்டம். அன்றைக்குப் பாட்டும் விழாவும் வேண்டாம். ஏதாவது செய்ய வேண்டும் என்றால் இரத்ததான முகாம் வையுங்கள். இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் காசைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். தலசீமியா என்ற பிறவி இரத்த நோய் உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. கீமோவில் இருக்கிற பிள்ளைக்குக் குருதிச் சிறுதட்டுக்கள் (பிளேட்லெட்) வேண்டும், அவற்றை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பண்டிகை நாட்களில் எல்லோரும் பயணத்தில் இருப்பார்கள், இரத்தம் கொடுக்க ஆள் வராது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு வந்தபோது, நம் ஊர் ஆட்கள் இரத்தம் கொடுக்க ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சாதாரண நாளிலும் வந்தால் போதும். 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்கு மேல், நோயில்லாத ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். உங்கள் கழகத்தில் நாற்பது பேர் இருந்தால், மாதத்துக்குப் பத்துப் பேராகப் பிரித்து இரத்த வங்கியிடம் பெயர் கொடுங்கள்.

காசைப் பிரிக்கிற விதத்துக்கு வருகிறேன். ஒரு லட்சம் சேர்ந்தது என்று வையுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பொதி நூறு கட்டலாம், படம் எடுக்கலாம், பின்னேரம் முடிந்துவிடும். அல்லது நான்கு குடும்பங்களை எடுத்து, வருடம் முழுக்க ஒவ்வொரு கிளினிக் பயணத்துக்கும் பிரித்துக் கொடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எந்த நான்கு குடும்பம் என்று நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம். யார் வராமல் விடப்போகிறார்கள் என்று தாதிமாருக்கும் வைத்தியருக்கும் முதலே தெரியும், அவர்கள் சொல்லட்டும். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பார்த்து, மூன்று நாளுக்கு முன் காசு தாயின் கையில் இருக்க வேண்டும். தாயின் கையில் என்று ஏன் அழுத்துகிறேன் என்பது வாட்டில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

கணக்கு கழகத்தின் பெயரில் இருக்கட்டும், இரண்டு பேர் ஒப்பமிட்டால் மட்டுமே எடுக்கிற மாதிரி. பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கு இலக்கம் போடுங்கள். வீடு வீடாகப் போவதை கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு தடவை, நாங்கள் நம்பிய ஒருவரின் சொந்தக் கணக்குக்கு வெளிநாட்டுக் காசு வந்தது. காசு முழுதும் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் எடுத்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊரில் பிறகு ஐந்து வருடம் பிள்ளைகளுக்கு என்று எவரும் உண்டியல் தூக்க முடியவில்லை.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமுடி கொட்டிய பிள்ளையின் முகத்தைப் போட்டால் காசு வேகமாகச் சேரும், உண்மை. அந்தப் பிள்ளை சுகமாகிப் பள்ளிக்கூடம் போகும். பத்து வருடம் கழித்தும் அந்தப் படம் யாருடைய போனிலோ இருக்கும். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். தாயிடம் சம்மதம் கேட்டோம் என்பீர்கள். கையில் காசை வைத்துக் கொண்டு கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? பாயின் படத்தை எடுங்கள், பிளாஸ்கின் படத்தை எடுங்கள், பஸ் டிக்கட்டுகளை ஒரு மேசையில் பரப்பி எடுங்கள். கனடாக்காரருக்கு அது போதும், அவர்களும் இங்கேயிருந்து போனவர்கள்தான்.

பெரிய செலவு வரும் குடும்பத்துக்கு, உதாரணமாக வெளியே செய்ய வேண்டிய சத்திரசிகிச்சைக்கு, உங்கள் காசு காணாது. அவர்களை ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க வையுங்கள். 2025 பெப்ரவரியிலிருந்து அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் படிவம் நிரப்பவும், வைத்தியரின் கடிதம் எடுக்கவும், போட்டோக் கொப்பி அடிக்கவும் ஒரு ஆள் வேண்டும். உங்கள் கழகத்தில் கம்பஸ் பிள்ளை ஒருவரை அதற்கு ஒதுக்கினால் அதுவும் ஒரு பெரிய நன்கொடை.

கழகக் கூட்டம் வைத்து முடிவெடுப்பதற்கு முன்னமே ஒரு நாள் மட்டக்களப்புக்குப் போய் வாருங்கள். முதலில் பணிப்பாளர் அலுவலகத்தில் கழகத்தின் கடிதத்தைக் கொடுத்து அனுமதி கேளுங்கள். பிறகு சிறுவர் விடுதிக்குப் போங்கள், காலையில் டொக்டர்மார் சுற்றி முடித்த பின், பதினொரு மணி போல. வெறுங்கையோடு, இரண்டு பேர் மட்டும், ஒரு கொப்பியும் பேனையும். பொறுப்புத் தாதியிடம் "மிஸ், இங்க நிக்கிற அம்மாமார்ல ஆரு சாப்பிடாம இருக்காங்க?" என்று கேளுங்கள். அவர் கட்டில் இலக்கங்களைச் சொல்லத் தொடங்குவார், எழுதிக் கொள்ளுங்கள்.